புழுவின் முதுகில் நான் வைத்த புள்ளி

என் கூறுகெட்ட தங்கமே, கௌரி,

நீ போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. முதல் மாதம் அழுதேன். அப்புறம் கொஞ்ச நாள் யாரோடும் பேசவில்லை. இப்போது கோபம்தான் மிச்சம் இருக்கிறது. யார்மீது என்று கேட்டால் முதலில் உன்மீதுதான். சார்மீதும் இருக்கிறது. என்மீது இருப்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

இதை வேறு சிலரும் படிக்கப்போகிறார்கள். அவர்களுக்கு உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். “அக்கா, மேட்டருக்கு வா” என்று வழக்கம்போல் நடுவில் குறுக்கிடாதே. முடிந்தால் குறுக்கிடு, பார்க்கலாம்.

செங்கல்பட்டு ஓரத்தில் இருக்கும் நம் ஆய்வுக்கூடத்தில் நீ ஆராய்ச்சி மாணவி. நான் புழு வளர்க்கிற ஆள். தென்னங்குருத்தைக் குடைந்து தின்னும் காண்டாமிருக வண்டின் புழு எருக்குழியில்தான் வளரும். கட்டைவிரல் தடிமனில் வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும். அதைத் தோண்டிக் கொண்டுவந்து, பிளாஸ்டிக் டப்பில் எரு போட்டு வைத்து, ஈரம் பார்த்து, செத்ததைப் பொறுக்கி எறிவது என் வேலை. பி.ஏ. தமிழ் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவளை முதல் நாள் நீ மேலும் கீழும் பார்த்தாய்.

“தமிழ் படிச்சிட்டு புழுவுக்கு எரு போடறியாக்கா?”

“இன்னா பண்றது? அதுங்கதான் நான் பேசறத எதுத்துப் பேசாம கேட்டுகினு கீது.”

நீ சிரித்தாய். மறுநாளிலிருந்து பஸ்ஸில் எனக்கு இடம் போட ஆரம்பித்தாய். நீ கல்பாக்கத்தில் ஏறுவாய், நான் திருக்கழுக்குன்றத்தில் ஏறுவேன். பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொண்டு “ஆள் வருது” என்று எத்தனை பேரோடு சண்டை போட்டிருக்கிறாய். இப்போது நான் நின்றுகொண்டுதான் போகிறேன். யாராவது நகர்ந்து உட்கார்ந்தாலும் எனக்கு உட்காரத் தோன்றுவதில்லை.

புழுவின் ரத்தத்தை நீ எனக்கு முதலில் காட்டிய நாள் நினைவிருக்கிறதா? புழுவை ஐஸில் வைத்து மயங்கவைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு காலின் நுனியைக் கத்தரித்தாய். ஒரு துளி வந்தது. சிவப்பாக இல்லை, அரிசி கழுவிய தண்ணீர்போல் இருந்தது. இதுவா ரத்தம் என்றேன். நமக்கு இருப்பதுபோல் உடம்பெங்கும் ரத்தக்குழாய்கள் இதற்குக் கிடையாது, உள்ளே இருக்கும் உறுப்பெல்லாம் இந்த நீரில்தான் ஊறிக்கொண்டிருக்கும் என்றாய். சீக்கிரம் பார், கறுத்துவிடும் என்று என் தலையைப் பிடித்து மைக்ராஸ்கோப்பில் அழுத்தினாய்.

உள்ளே அணுக்கள் மிதந்தன. சில உருண்டையாகவே இருந்தன. சில கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கல்லில் ஊற்றிய மாவுபோல் மெல்லப் பரவின. கிருமி ஒன்றிரண்டு நுழைந்தால் ஓர் அணு அதை அப்படியே விழுங்கிவிடும் என்றாய். கூட்டமாக வந்தால் விழுங்கி மாளாது. அப்போது சில அணுக்கள் வெடித்து, உள்ளே வைத்திருந்த பசையைக் கக்கும். அதில் கிருமிகள் ஒட்டிக்கொள்ளும். மற்ற அணுக்கள் வந்து அதன்மேல் அடுக்கடுக்காகப் படிந்து மூடும். கடைசியில் அந்த முடிச்சு கறுத்துக் கெட்டியாகிவிடும், உள்ளே மாட்டிய கிருமி சாகும். குளவி முட்டை மாதிரி பெரிதாக ஏதாவது வந்தாலும் இதே வைத்தியம்தான், சுற்றிலும் போர்த்தி மூச்சுத் திணற வைக்கும்.

பிறகு அந்தப் புழுவை அறுத்துப் பார்த்தால் உள்ளே மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்பு முடிச்சுகள் தெரியும். அவற்றை எண்ணினால் உள்ளே எவ்வளவு சண்டை நடந்தது என்று சொல்லிவிடலாம். எண்ணுவதற்கு எனக்கும் பழக்கிவிட்டாய்.

“இதுக்கு யாரும் ஆர்டர் போடறது இல்லக்கா. காயம் பட்டா அதுங்களா வந்து நிக்கும்.”

“எங்க வூட்ல அந்த மாதிரி ஒண்ணுகூட கெடையாது. ஒரு சொம்பு தண்ணி மொண்டு வெக்கறதுக்கும் நான்தான் வாயத் தொறக்கணும்.”

உன் ஆராய்ச்சியின் கேள்வி எனக்கே புரிகிற அளவுக்கு எளிமையானது. எருக்குழியில் ஒரு பச்சைப் பூஞ்சையைக் கலந்துவிட்டால் இந்தப் புழுக்களுக்கு நோய் வந்து சாகும். விவசாயிகள் பயன்படுத்துகிறார்கள். ஆனால் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத் தோப்புகளில் அது சரியாக வேலை செய்யவில்லை என்று சிலர் குறைப்பட்டார்கள். உப்புக்காற்றில் வளர்ந்த புழுவுக்கு எதிர்ப்பு அதிகம் என்பது உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான சாரின் எண்ணம். அதனால் மதுராந்தகம் ஏரிப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் புழு, கடலோரத்திலிருந்து ஒரு கூட்டம். இரண்டுக்கும் ஒரே அளவு பூஞ்சையை ஊசியில் ஏற்றி, ரத்த அணுக்கள் என்ன செய்கின்றன, எது பிழைக்கிறது, எது சாகிறது என்று பார்க்க வேண்டும்.

இங்கேதான் நான் வருகிறேன். இரண்டு கூட்டமும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். டப்பில் ஒட்டிய சீட்டு எருவின் ஈரத்தில் இரண்டே நாளில் ஊறி உரிந்துவிடும். புழுவின்மேல் மார்க்கர் வைத்தேன், அழிந்தது. என் நெயில் பாலிஷை வைத்தேன், எருவில் உருண்டு அதையும் தேய்த்துவிட்டது. ஒருநாள் டப் கழுவும்போது இரண்டு கூட்டமும் கலந்துவிடப் பார்த்தது. அன்றைக்குத்தான் அந்த யோசனை வந்தது.

முள் குத்திய ஒரு புழுவின் முதுகில் கறுப்பாக ஒரு புள்ளி விழுந்து, வாரக்கணக்கில் போகாமல் இருந்ததைப் பார்த்திருந்தேன். குண்டூசியை வெந்நீரில் போட்டு, ஸ்பிரிட்டில் துடைத்து, கடலோரப் புழு ஒவ்வொன்றின் முதுகிலும் லேசாக ஒரு குத்து குத்தினேன். மறுநாள் எல்லாவற்றிலும் அழகாக ஒரு பொட்டு. மதுராந்தகம் புழுவுக்குப் பொட்டு கிடையாது. இனி டப் மாறினாலும் புழு மாறாது என்று எனக்கு ஒரே பெருமை. அதற்குப் பிறகு வந்த கடலோரப் புழுவுக்கெல்லாம் வந்த அன்றே பொட்டு வைத்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. டப் கழுவினேன், எரு சலித்தேன் என்று யார் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? சரி, நீ என்ன செய்தாய்? புள்ளியைப் பார்த்துவிட்டு உன் நோட்டில் ‘கடலோரப் புழுக்களின் முதுகில் இயற்கையாகவே ஒரு கரும்புள்ளி காணப்படுகிறது’ என்று எழுதி, அடிக்கோடு வேறு போட்டாய். தினமும் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தவள், இது என்னக்கா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

முடிவுகள் அமோகமாக வந்தன. கடலோரப் புழுக்கள் பூஞ்சையை ஊதித் தள்ளின. அறுத்த உடம்பெல்லாம் முடிச்சுகள், பெரும்பாலானவை பிழைத்தன. மதுராந்தகம் புழுக்கள் சோர்ந்து செத்தன. சார் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிவரச் சொன்னார். கடலோரத் தோப்புக்காரர்கள் இனிமேல் இரண்டு மடங்கு பூஞ்சை போட வேண்டும் என்று அறிக்கையின் கடைசிப் பத்தியைக்கூட எழுதிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் காலை. லென்ஸுக்குக் கீழே பத்துப் புழுவை வரிசையாக வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாய்.

“அக்கா, இந்தப் புள்ளி எல்லாத்துக்கும் ஒரே எடத்துல இருக்கு பாரு. பொறக்கும்போதே வந்ததுன்னா இவ்ளோ கரெக்டா இருக்குமா?”

“ஏன் இருக்காது? நான்தான குத்துனேன்.”

“என்ன சொன்ன?”

“குண்டூசில குத்துனேன். கலந்துடப்போவுதுன்னு அடையாளம் வெச்சிகினு வர்றேன். ஏன்டி, மூஞ்சி ஒரு மாதிரி போவுது?”

நீ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய்.

“நான் பூஞ்சை போடறதுக்கு எத்தன நாள் முன்னாடி குத்துவ?”

“மூணு நாளு, நாலு நாளு.”

“போச்சு. எல்லாம் போச்சுக்கா.”

என்ன போச்சு என்று நீ விளக்கினாய். ஒரு குத்து விழுந்தால், உடம்பின் ஓரங்களில் ஒட்டிக்கொண்டு சும்மா இருந்த அணுக்களும் இறங்கி ரத்தத்துக்குள் வந்துவிடுமாம். ஊசியை வெந்நீரில் போட்டாய், சரி, புழுவின் தோலில் இருந்த எருவை எந்த வெந்நீரில் போட்டாய் என்று கேட்டாய். துளி அழுக்கு உள்ளே போயிருக்கும், அணுக்கள் அதோடு ஒரு சின்னச் சண்டையை முடித்துவிட்டு விழித்துக்கொண்டு இருந்திருக்கும். நாலு நாள் கழித்து நீ பூஞ்சையோடு போனால் அது எப்படி எடுபடும்? மதுராந்தகம் புழுவுக்கு அந்த முன்கூட்டிய குத்து இல்லை. ஆக, உப்பும் இல்லை, காற்றும் இல்லை, எல்லாம் என் குண்டூசி செய்த வேலை.

அன்றைக்கு நீ என்னை வாய்விட்டுத் திட்டியிருக்க வேண்டும். உன் ஒரு வருடத்தைக் கெடுத்தவள் நான். நீயோ கன்னத்தில் கை வைத்தபடி, “இதுவே ஒரு நல்ல ரிசல்ட்டுதான்க்கா, ஒரு குத்து பட்டா புழு இவ்ளோ உஷாராவுதுன்னு” என்றாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. டப் கழுவுகிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

நீ நேராக சாரிடம் போய்ச் சொன்னாய். ஒரு குண்டூசிக்காக இத்தனை வேலையைத் தூக்கிப் போட முடியாது என்றாராம். அறிக்கை மூன்று வாரத்தில் போயாக வேண்டும், சந்தேகம் இருந்தால் அதற்குள் திரும்பச் செய்து காட்டு என்றாராம். நீயும் சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தாய். மூன்று வாரம் போதாது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். உன் வீம்பு உன்னை விட்டால்தானே?

இந்த முறை எல்லாவற்றையும் தலைகீழாக வைத்தாய். மதுராந்தகம் புழுவுக்குப் பொட்டு, கடலோரப் புழுவுக்கு ஒன்றும் இல்லை. பூஞ்சை ஏற்றிய பிறகு தினமும் காலை எட்டு, மதியம் இரண்டு, மாலை ஆறு என்று ரீடிங், எது பிழைத்தது எது செத்தது என்று பார்த்து எழுத வேண்டும். ஒரு ரீடிங் தவறினாலும் அதையே காரணம் காட்டி சார் எல்லாவற்றையும் தள்ளிவிடுவார் என்று பயந்தாய். அந்தப் பயம் நியாயமானதுதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

புதுப் புழு எடுக்க அந்தக் கடலோரத் தோப்புக்குப் போனோம். எரு செருப்பைப் பிடித்து இழுக்கிறது என்று கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு குழியில் நின்று தோண்டினாய். உள்ளே கிடந்த துருப்பிடித்த தகரம் உள்ளங்காலைக் கிழித்தது. மோட்டார் தண்ணீரில் கழுவிவிட்டு துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினாய். நான் நச்சரித்ததால் வழியில் ஒரு ஊசி மட்டும் போட்டுக்கொண்டாய். காயத்தைச் சுத்தம் செய்ய மறுநாள் வரச் சொன்னார்கள், நீ போகவில்லை.

ஏன்டி போகவில்லை? புழுவின் முதுகில் ஊசிமுனை அளவு இருந்த காயத்தை ஒரு நாளைக்கு மூன்று முறை லென்ஸ் வைத்துப் பார்த்தாயே. உன் காலை ஒரு தடவையாவது திருப்பிப் பார்த்தாயா? கிருமி உள்ளே போனால் என்ன ஆகும் என்று எனக்கே பாடம் நடத்தியவள் நீ. படிக்காதவர்கள் இப்படிச் செய்தால் விழிப்புணர்வு இல்லை என்று எழுதுவீர்கள். உனக்கு என்ன பெயர் வைத்து எழுதுவது?

ஒரு வாரம் நொண்டினாய். ஒருநாள் காலை பஸ்ஸில் உன் தோள் என்மேல் பட்டபோது சுட்டது.

“இன்னாடி, ஒடம்பு இப்டி கொதிக்குது?”

“மாத்திர போட்டிருக்கேன்க்கா. இன்னும் ரெண்டே நாளு. ரீடிங் முடியட்டும்.”

இறங்கும்போது உன் காலைப் பார்த்தேன். சிவப்பு கணுக்காலைத் தாண்டி ஏறியிருந்தது. அதைப் பார்த்தேன், கௌரி. பார்த்துவிட்டும் உன்னைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போகவில்லை. ஏன் என்று இத்தனை நாளாக யாரிடமும் சொல்லவில்லை. அது என் தவற்றைத் திருத்துகிற ரீடிங். அது முடிந்துவிட வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. என்மீது எனக்கு இருக்கும் கோபம் இதுதான்.

கடைசி நாள் நீ பஸ்ஸில் இல்லை. பதினோரு மணிக்குப் போன் வந்தது. அம்மா செங்கல்பட்டிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாகச் சொன்னாய். நான் உடனே பையை எடுத்தேன்.

“இதோ வர்றேன்.”

“வராதக்கா. ரெண்டு மணி ரீடிங் இருக்கு. மீதி புழுவ அறுத்து எண்ணிடு. அப்புறமா வா.”

“கொரலு ஏன் இப்டி கீது?”

“தூக்கம் வருது. எண்ணிடுவியா?”

“எண்ணுறேன். நீ கம்முனு படு.”

நீயும் நானும் கடைசியாகப் பேசியது இவ்வளவுதான். ஆஸ்பத்திரி இருபது நிமிடத் தூரம். நான் போகவில்லை. இரண்டு மணிக்குப் புழுக்களை அறுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு முறை எண்ணி, உன் நோட்டில் எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். நான் வந்து சேர்வதற்குள் நீ போய்விட்டாய். உன் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கிருமி ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் பரவிவிட்டது என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இரங்கல் கூட்டத்தில் சார் பேசியதை நீ கேட்டிருக்க வேண்டும். ரத்த அணு எப்படித் தன்னை அழித்துக்கொண்டு உடம்பைக் காக்கிறதோ, அப்படி அறிவியலுக்காகத் தன்னைத் தந்தவர் கௌரி என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ அணு இல்லையே. முப்பத்தொரு வயதுப் பெண். காலில் அடிபட்டால் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் படுத்திருக்க வேண்டியவள். அந்த லீவைக் கேட்க முடியாதபடி கெடு வைத்தவர், மைக்கைப் பிடித்துக்கொண்டு உன்னைப் புகழ்ந்தார்.

இப்போது உனக்குத் தெரியாத செய்தி. அந்த அறிக்கை கட்டுரையாக ஒரு பத்திரிகையில் வருவதாக இருந்தது. பழைய முடிவேதான். கடலோரப் புழு பலசாலி, பூஞ்சை இரண்டு மடங்கு. நாம் திரும்பச் செய்த சோதனையின் இரண்டாவது நோட்டு அதில் இல்லை. புழு வளர்க்கிறவள் எடுத்த ரீடிங் செல்லாது என்றார் சார். உன் பெயரை முதலில் போட்டு, மறைந்த ஆய்வாளர் என்று ஒரு வரி. உனக்குச் செய்கிற மரியாதையாம். நீ தப்பு என்று சொன்னதை உன் பெயரிலேயே அச்சடிக்கிறார்கள். செத்தவள் வந்து சண்டை போட மாட்டாள் என்ற தைரியம்.

உன் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறார். அம்மா எனக்குப் போன் செய்தார்.

“செல்வி, கௌரி பேரு முதல்ல வருதாம். வந்ததும் ஒரு காப்பி கொண்டு வந்து குடு. போட்டோகிட்ட வைக்கணும்.”

நீ போன பிறகு அவர் அழாமல் பேசிய முதல் போன் அது. சரிம்மா என்றேன். வேறு என்ன சொல்வது? கட்டுரையை நிறுத்தினால் அந்தத் தாய்க்கு இருக்கிற ஒரே ஆறுதலும் போகும். நிறுத்தாவிட்டால் உன் பெயரில் ஒரு பொய் நிற்கும். ஒரு வாரம் டப் கழுவிக்கொண்டே இதைத்தான் யோசித்தேன்.

அந்த வாரம் புழு எடுக்க மறுபடியும் அந்தத் தோப்புக்குப் போனேன். தோப்புக்காரர் உன்னைத்தான் முதலில் கேட்டார். சொன்னேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

“எருக்குழி காஞ்சி கெடந்தா பூஞ்ச மருந்து எப்டி வேல செய்யும், தண்ணி தெளி, ஓலய போட்டு மூடுன்னு அந்தப் பொண்ணுதாம்மா சொல்லிட்டுப் போச்சு. செஞ்சேன். இப்ப பாரு.”

குழியைக் கிளறிக் காட்டினார். மேலெல்லாம் பச்சை படர்ந்து புழுக்கள் விறைத்துக் கிடந்தன. பழைய அளவுதான் போட்டாராம்.

“உங்க சாரு டபுளா போடணும்னு சொல்றாரே. இன்னாத்துக்கும்மா டபுளு?”

எனக்குப் பதில் தெரியும். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை சார் கூப்பிட்டார். கட்டுரையோடு அனுப்ப, புழு வளர்த்த ஆளின் கையெழுத்து வேண்டுமாம். பரிசோதனைக்கு முன்னால் எந்தப் புழுவுக்கும் எந்தக் காயமும் ஏற்படவில்லை என்று ஆங்கிலத்தில் அடித்து வைத்திருந்தார். அது புரிகிற அளவுக்கு ஆங்கிலம் எனக்கும் தெரியும்.

“குத்துனேனே சார்.”

“அதெல்லாம் எழுதத் தேவையில்ல செல்வி. டப்ப நீ பாத்துக்கோ, சயின்ஸ நாங்க பாத்துக்கறோம்.”

“கௌரி பாத்துச்சே சார். பாத்துட்டு தப்புன்னு சொல்லுச்சே.”

“கௌரி இப்ப இல்ல. அவங்க அம்மாவுக்கு இது ஒண்ணுதான் ஆறுதல். அதையும் கெடுக்கப் போறியா?”

அதுவரைக்கும் எனக்குத் தயக்கம் இருந்தது. உன் அம்மாவை முன்னால் நிறுத்தி அவர் ஒளிந்துகொண்டதும் அது போய்விட்டது. பேனாவை வாங்கினேன். அடித்து வைத்திருந்ததைக் குறுக்கே கோடு போட்டேன். கடலோரப் புழுக்கள் எல்லாவற்றையும் பூஞ்சை ஏற்றுவதற்கு மூன்று நான்கு நாள் முன்பே குண்டூசியால் குத்தியவள் நான்தான், இதைக் கண்டுபிடித்துத் தவறு என்று சொன்னவர் கௌரி என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“உன் கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது, தெரியுமில்ல?”

“தெரியும் சார். அதுக்குள்ள எல்லா டப்பையும் கழுவி வெச்சிட்டுப் போறேன்.”

அந்தத் தாளையும் நம் இரண்டாவது நோட்டையும் படம் எடுத்து அந்தப் பத்திரிகைக்கே அனுப்பினேன். விசாரிக்கும் வரை கட்டுரையை நிறுத்திவைப்பதாகப் பதில் வந்தது. இந்த மாதச் சம்பளம்தான் எனக்குக் கடைசி. கேளம்பாக்கத்தில் ஒரு துணிக்கடையில் ஆள் எடுக்கிறார்களாம், போய்ப் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கல்பாக்கத்துக்கு உன் வீட்டுக்குப் போனேன். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குண்டூசியை, சார் வைத்த கெடுவை, பஸ்ஸைவிட்டு இறங்கும்போது நான் பார்த்த உன் காலை, பதினோரு மணிப் போனை.

“அப்ப அந்தப் பேப்பர் வராதா?”

“இப்ப வராதும்மா. நான்தான் நிறுத்துனேன்.”

“கௌரி சொன்னது சரின்னு ஆச்சா?”

“ஆச்சும்மா. பொட்டு வெச்ச மதுராந்தகம் புழு பொழச்சிது. வெக்காத கடலோரப் புழு செத்துது. நானே எண்ணுனேன்.”

“எத்தன மணிக்கு எண்ணுன?”

“ரெண்டு மணிக்கு.”

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டரை வரைக்கும் அவ முழிச்சிட்டுதான் இருந்தா செல்வி. ஒவ்வொருத்தர் உள்ள வரும்போதும் செல்விக்காவான்னு கேட்டா.”

நீ வராதே என்றாய். நானும் நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அங்கே படுத்துக்கொண்டு என்னைத் தேடியிருக்கிறாய். போனில் சொல்லியிருக்கக் கூடாதா, அக்கா பயமாக இருக்கிறது, வா என்று? எந்தப் புழு செத்தால் எனக்கென்ன, எந்த முடிவு எப்படிப் போனால் எனக்கென்ன? உன் வாயில் எப்போது உண்மை வந்திருக்கிறது, நோட்டில் எழுதும்போது தவிர?

கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்தார். “அந்த நோட்ட எடுத்துட்டு வா. அது இங்க இருக்கட்டும்” என்றார். மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வருகிற ஞாயிறு நோட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். நீ எழுத நினைத்ததை, என் குண்டூசியையும் சேர்த்து, எழுதுவதற்கு ஆள் தேடிப் பிடிப்பேன். எத்தனை வருடம் ஆனாலும் சரி, உன் பெயரில் உண்மை மட்டும்தான் அச்சாகும். இன்னொன்றும் சொல்கிறேன். இனி யார் என்னிடம் வராதே என்றாலும் போவேன். போய்ப் பக்கத்தில் நின்று, ஏன் வந்தாய் என்று திட்டு வாங்கிக்கொள்வேன்.

கூடப் பிறக்காமலே உனக்கு அக்காவாகி,
வர வேண்டிய நேரத்தில் வராமல் போன
செல்வி